கேள்வி நேரம்: வழக்குக் கட்டைத் தேடி

கடந்த இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நம் ஊர்க் குற்றவியல் நீதிமன்றங்களில் உள்ள பதிவுகளை எப்படித் தேடுவது, எப்படி நகல் பெறுவது என்பதையே வேறு வேறு விதங்களில் கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் நகல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: 2018-ஆம் ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் கொடையின்போது நடந்த கைகலப்பில் என் பெயரையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். அப்போது கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு முறை வாய்தாவுக்குச் சென்றேன். அதன்பின் 'கேஸ் முடிந்துவிட்டது தம்பி, இனி வர வேண்டாம்' என்று வழக்கறிஞரின் குமாஸ்தா சொன்னார். வழக்கறிஞர் இப்போது உயிருடன் இல்லை. என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, வழக்கு எண்ணும் தெரியாது. காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அந்த வழக்கின் பதிவுகளை எப்படித் தேடி எடுப்பது? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: தேடத் தொடங்கும் முன், குமாஸ்தா சொன்ன 'முடிந்துவிட்டது' என்ற சொல்லை முதலில் சந்தேகப்படுங்கள். நீதிமன்ற வளாகத்தில் அந்த ஒரு சொல்லுக்குக் குறைந்தது ஐந்து பொருள் உண்டு. விசாரணை நடந்து விடுதலை ஆகியிருக்கலாம். இரு தரப்பும் சமாதானமாகி, நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். சமாதானத்தின் விளைவும் சட்டப்படி விடுதலைதான். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருக்கலாம். உங்களைப் பொறுத்தமட்டில் காவல்துறையே மேல்நடவடிக்கையைக் கைவிட்டிருக்கலாம். ஐந்தாவதுதான் பலரும் அறியாமல் சிக்கிக்கொள்வது: குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் அபராதம் கட்டி வெளியே வந்திருக்கலாம். அபராதம் கட்டியதால் வழக்கு முடிந்தது உண்மை. ஆனால் அது விடுதலை அல்ல, தண்டனை. சிறை வாசலை மிதிக்காத காரணத்தால் தாம் தண்டிக்கப்படவில்லை என்று நம்பி, விண்ணப்பப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, பின்னர் என் மேசை முன் வந்து கலங்கி நின்ற இளைஞர்கள் பலர். இவற்றுக்கெல்லாம் அப்பால் இன்னொரு அபாயமும் இருக்கிறது. வழக்கு முடியவே இல்லாமல், நீங்கள் வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்டு பிறப்பிக்கப்பட்டு, வழக்குக் கட்டு (வழக்கின் காகிதங்கள் அடங்கிய கோப்பு) அப்படியே கிடக்கவும் கூடும்.

நீதிமன்றத்தில் ஒரு வழக்குக் கட்டை ஆளின் பெயரைச் சொல்லி எடுக்க முடியாது. எண்ணைச் சொன்னால்தான் எடுக்க முடியும். அந்த எண்ணும் ஒன்றல்ல. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும்போது குற்ற எண் ஒன்று கிடைக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதித்துறை நடுவர் அதைக் கோப்பில் எடுத்துக்கொள்ளும்போது, வழக்கின் தன்மையைப் பொறுத்து சி.சி. எண்ணோ (வழக்கமான விசாரணை வழக்கு) எஸ்.டி.சி. எண்ணோ (சுருக்க விசாரணை வழக்கு) வருகிறது. கொலை, கொலை முயற்சி போன்று அமர்வு நீதிமன்றமே விசாரிக்க வேண்டிய வழக்காயின், நடுவரிடம் இருக்கும் வரை பி.ஆர்.சி. எண்ணும் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பின் எஸ்.சி. எண்ணும் பெறுகிறது. மேல்முறையீட்டுக்குப் போனால் அங்கே வேறோர் எண். ஆளுக்கு ஆள் வெவ்வேறு எண்ணைச் சொல்வது இதனால்தான். காவல் நிலையத்தார் சொல்வது குற்ற எண், நீதிமன்ற ஊழியர் கேட்பது வழக்கு எண்.

உங்களிடம் இரண்டும் இல்லை என்பதால், செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். உச்ச நீதிமன்ற மின்-குழுவின் வழிகாட்டுதலில் இயங்கும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தரப்பினர் பெயரைக் கொண்டும், காவல் நிலையம் மற்றும் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டும் தேட இயலும். இதற்குக் கட்டணம் கிடையாது. பெயரைக் கொண்டு தேடும்போது ஆண்டையும் கேட்கும். அங்கே பெரும்பாலோர் சம்பவம் நடந்த ஆண்டைத் தட்டிவிட்டு, 'பதிவு இல்லை' என்று வந்ததும் நிம்மதியடைந்து விடுகிறார்கள். அது கேட்பது வழக்கு நீதிமன்றத்தில் பதிவான ஆண்டு. 2018-இல் நடந்த கைகலப்புக்கு 2019-இலோ 2020-இலோகூடச் சி.சி. எண் விழுந்திருக்கலாம், எனவே அடுத்தடுத்த ஆண்டுகளையும் விடாமல் பாருங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை, இரண்டும் என்ற மூன்று தெரிவுகளில் 'இரண்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 2019-இல்தான் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்த ஊர்க்காரர்கள் பழைய, புதிய மாவட்டங்கள் இரண்டின் கீழும் தேடுவதே பாதுகாப்பு.

வழக்கு அகப்பட்டுவிட்டால், அதன் தலைப்பில் இருக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்துகளில் மாநிலமும் அடுத்த இரண்டில் மாவட்டமும் தொடங்கி, நான்கு இலக்க ஆண்டில் முடியும் அந்த எண், நாட்டில் வேறெந்த வழக்குக்கும் இருக்காது. அடுத்த முறை அதை மட்டும் தட்டினால், எந்தெந்த வாய்தாவில் என்ன நடந்தது, எந்தப் பிரிவுகள், எப்படி முடிந்தது என்ற முழு வரலாறும் திறக்கும். சில வழக்குகளில் தீர்ப்பே தரவேற்றப்பட்டிருக்கும்.

இணையத்தில் அகப்படாவிட்டால் வழக்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பெயர் தவறாக ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றப் பணிக்கென்றே ஒரு காவலர் இருப்பார். எந்தக் குற்ற எண் எந்த நீதிமன்றத்தில் எந்த வழக்கு எண்ணானது என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். சம்பவம் நடந்த மாதத்தையும் புகார் கொடுத்தவரின் பெயரையும் சொல்லி அவரிடம் மரியாதையாகக் கேட்டால், பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் யாராவது பழைய சம்மனைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். நம் ஊர்களில் இத்தகைய காகிதங்கள் அம்மாமார்களின் புடவைப் பெட்டிக்குள்தான் உயிரோடு இருக்கின்றன.

எண் கிடைத்ததும் நகல் மனு. வழக்கு எண், தரப்பினர் பெயர், தீர்ப்புத் தேதி, எந்த ஆவணத்தின் நகல் வேண்டும், எதற்காக என்பவற்றைக் குறிப்பிட்டு, உரிய நீதிமன்றக் கட்டண வில்லையுடன் நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற முறையில் நீங்கள் தீர்ப்பினால் பாதிக்கப்பட்டவர். தீர்ப்பு, உத்தரவு, சாட்சி வாக்குமூலம் ஆகியவற்றின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறும் உரிமையைக் குற்ற விசாரணை முறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இது 363-ஆம் பிரிவாக இருந்தது. சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பின் ஒரு நகலை இலவசமாகவே தந்திருக்க வேண்டும். மனுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கட்டு வந்து, பக்கங்கள் எண்ணப்பட்ட பிறகு, இத்தனை நகல் முத்திரைத்தாள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள்; குறித்த காலத்துக்குள் தாள்களை ஒப்படைக்காவிட்டால் மனு தள்ளப்பட்டுவிடும். நகல் பிரிவு அலைக்கழித்தது என்று வெளியே குறைசொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் தாள் கேட்டுப் பலகையில் எழுதி, வெயிலில் மை வெளுத்தும் யாரும் வராத மனுக்கள் அவற்றில் பாதி. (மறுபாதி எங்கள் குற்றம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

கடைசியாக, 'விடுதலை' என்ற ஒரு வரியோடு மனநிறைவு கொள்ளாமல் தீர்ப்பை முழுவதும் படியுங்கள். தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளில் ஒரு விளக்கம் உண்டு: சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதால்) விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத அது இடம் தருகிறது. எனவே எந்தக் காரணத்தால் விடுதலை என்பது உங்களுக்கு மிகவும் முக்கியம். காரணம் எதுவாயினும் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும், அற்பமான வழக்காயின் வேலை தருபவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றும் நெறிமுறை வகுத்தது. சின்ன வழக்கைச் சொல்லி விளக்கமளிப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது; மறைத்துப் பிடிபட்டவருக்கு அந்த வழி குறுகிவிடுகிறது.

கேள்வி: என் மகளுக்கு வரன் பார்த்திருக்கிறோம். பையனைப் பற்றி ஊரில் அரசல்புரசலாக ஏதேதோ சொல்கிறார்கள். அவர்மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா? இருந்தால் குற்றப்பத்திரிகையின் நகலை வாங்கலாமா? (ஒரு வாசகி, திண்டிவனம்)

பதில்: முடியும் அம்மா, ஆனால் பாதி தூரம்தான். நம் நாட்டில் குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே இன்னார் மீது இன்ன வழக்கு என்பது இரகசியம் அல்ல. முந்தைய பதிலில் சொன்ன இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பிறந்த மாவட்டம், படித்த மாவட்டம், வேலை பார்க்கும் மாவட்டம் ஆகிய மூன்றிலும் பெயரைக் கொண்டு தேடுங்கள். நாடு முழுவதையும் ஒரே வீச்சில் பெயரால் துழாவ அங்கே வசதி இல்லை.

இடர்ப்பாடு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு நீதிமன்ற எழுத்தரும் தமக்குத் தோன்றியபடி ஏற்றுகிறார்கள். 'ழ' ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் வரும். நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா என்பதில் ஒருமைப்பாடு கிடையாது. தலைப்பெழுத்து முன்னேயும் இருக்கும், பின்னேயும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பெயரில் எவ்விதக் குழப்பத்துக்கும் இடமில்லாத ஒரு துண்டை, குறைந்தது மூன்று எழுத்துகள் கொண்டதாக, எடுத்துத் தேடினால் வலை அகலமாக விழும். அகல வலையில் வேண்டாத மீனும் சிக்கும் என்பதுதான் அடுத்த சிக்கல். முருகன் என்றும் செந்தில்குமார் என்றும் பெயர் கொண்டவர்கள் ஒரு வட்டத்திலேயே எத்தனை பேர் இருப்பார்கள்! திரையில் பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக முடிவெடுத்துவிடாதீர்கள். தந்தை பெயர், ஊர், காவல் நிலையம் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அப்போதும் தெளிவில்லை எனில் பையன் வீட்டாரிடமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. வேறொருவருடைய வழக்கை இவர் தலையில் ஏற்றிப் பேச்சை முறித்துக்கொண்ட குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

குற்றப்பத்திரிகை உங்களுக்குக் கிடைக்காது. அது பொது ஆவணம் அல்ல என்றும், அதை இணையத்தில் எல்லோரும் பார்க்க வெளியிடக் கோர முடியாது என்றும் 2023 ஜனவரியில் சௌரவ் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகையும் அதனுடன் சேர்ந்த வாக்குமூலங்களும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியவை. புதிய சட்டத்தின் 230-ஆம் பிரிவுப்படி, வழக்கறிஞர் வைத்துக்கொண்டுள்ள பாதிக்கப்பட்டவருக்கும் அவை உண்டு. மூன்றாம் நபருக்கு இல்லை. தீர்ப்பு வந்துவிட்ட வழக்காயின் நிலைமை வேறு. தீர்ப்பின் நகலை மூன்றாம் நபரும் கேட்கலாம். ஆனால் ஏன் வேண்டும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி மனுச் செய்ய வேண்டும், நீதிபதி அந்தக் காரணத்தை ஏற்று அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வழக்கு நிலுவையில் இருப்பதற்கும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. பங்காளித் தகராறு ஒன்றில் வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் எதிரிகளாக (குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக)ச் சேர்த்து, ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று மூன்று பிரிவுகளைப் போடுவது நம் பக்கத்துக் காவல் நிலையங்களில் அன்றாடம் நடப்பது. பிரிவின் எண்ணைப் பாருங்கள், எத்தனை பேர் எதிரிகள் என்று பாருங்கள், எதிர்தரப்பின் மீதும் அதே நாளில் ஒரு வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வரதட்சிணைக் கொடுமை, பெண்ணைத் தாக்கியது என்பன போன்றவை தென்பட்டால் மட்டும் நல்ல வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நகல் மனு, முத்திரைத்தாள் என்று ஏன் அலைய வேண்டும்? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நீதிமன்ற ஆவணங்களைக் கேட்டால் தர மாட்டார்களா? (வாசகர், நாமக்கல்)

பதில்: தர மாட்டார்கள். 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், நீதிமன்றக் கோப்பில் உள்ள ஆவணங்களின் நகலை உயர் நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும், அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற நிர்வாகம் பற்றிய தகவல்களுக்கு அந்தச் சட்டம் இன்றும் உதவும். வழக்குக் கட்டுக்கு உதவாது.

கேள்வி: எங்கள் கடையில் நடந்த திருட்டு குறித்துச் சென்ற ஆண்டு புகார் கொடுத்தேன். முதலில் மனு ரசீது தந்தார்கள். சில நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டதாகச் சொன்னார்கள், நகல் தரவில்லை. இப்போது கேட்டால் 'கோர்ட்டில் போய்ப் பாருங்கள்' என்கிறார்கள். நீதிமன்றத்தில் என் வழக்கே இல்லை என்கிறார்கள். பதிவு எங்கேதான் இருக்கிறது? (வாசகர், காரைக்குடி)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் ஒருவகையில் உண்மையாக இருக்கக்கூடும். மனு ரசீது என்பது உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே, சி.எஸ்.ஆர். எண் என்று அதில் இருப்பதைக் கொண்டு நீதிமன்றத்தில் எதையும் தேட முடியாது. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால் அதன் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாக உடனே தர வேண்டும் என்று புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. இப்போதும் எழுத்துமூலம் கேளுங்கள். அதற்கு முன் வீட்டிலிருந்தபடியே தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்ற நுண்மையான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. சாதாரணத் திருட்டு வழக்கை மறைக்கக் காரணமே இல்லை. காவல் நிலையத்திலிருந்து அறிக்கையின் மூலப்படி அந்த எல்லைக்குரிய நீதித்துறை நடுவருக்குப் போய்விடும் என்பதால், குற்ற எண்ணைக் கொடுத்து அங்கேயும் நகல் மனுப் போடலாம்.

நீதிமன்றத்தில் 'வழக்கே இல்லை' என்று சொன்னது, சி.சி. எண் விழவில்லை என்ற பொருளில் இருக்கலாம். புலனாய்வு முடியாதவரை வழக்குக் கட்டு என்ற ஒன்று உருவாகாது. முதல் தகவல் அறிக்கைகளின் அடுக்கில் உங்களுடையதும் ஒரு தாளாக இருக்கும். ஆகவே சி.சி. எண் கேட்காமல், 'இந்தக் குற்ற எண்ணில் இறுதி அறிக்கை வந்துவிட்டதா?' என்று கேளுங்கள்; புலனாய்வு முடிந்ததும் காவல்துறை நீதிமன்றத்தில் தருவதே அந்த அறிக்கை. கேள்வியை மாற்றினால் விடையும் மாறும்.

வேறொரு சாத்தியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்றோ, 'பொருண்மைப் பிழை' (உண்மைகளைத் தவறாகப் புரிந்துகொண்டு தந்த புகார்) என்றோ அறிக்கை கொடுத்து வழக்கை முடித்திருக்கலாம். அப்படி முடிப்பதற்கு முன் புகார்தாரருக்கு அறிவிப்புத் தர வேண்டும். 1985-இல் பகவந்த் சிங் வழக்கில், புகார்தாரரின் தரப்பைக் கேட்காமல் நடுவர் அத்தகைய அறிக்கையை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அறிவிப்பில் கையெழுத்து வாங்க வரும் காவலர் 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்பார். அந்தத் தாளில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்ற கேள்வி இருக்கிறது, படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆட்சேபணை இருந்தால் நடுவர் முன் எதிர்ப்பு மனு தாக்கல் செய்யலாம், மேல் புலனாய்வு கோரலாம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த சம்பவம் என்பதால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்புங்கள்.

கேள்வி: 17 வயதில் ஒரு திருட்டு வழக்கில் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டேன். இப்போது வெளிநாட்டு வேலைக்காக நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள். அந்தப் பதிவு என்னைத் தொடருமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தொடரக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையாக இருந்தபோது சட்டத்துக்கு முரண்பட்டதாக முடிவானதால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்தபின் அந்தப் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. 16 வயதைக் கடந்தவர் கொடிய குற்றத்தில், வயது வந்தவரைப் போலச் சிறார் நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானால் மட்டுமே இதற்கு விலக்கு. உங்களுடையது அந்த வகையல்ல. முடிந்துபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளிப்படுத்தக் கூடாது என்று 74-ஆம் பிரிவும் தடை செய்கிறது. சான்றில் அப்படி ஒரு குறிப்பு வந்தால், இந்த இரண்டு பிரிவுகளையும் சுட்டி, அதை நீக்கித் தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: என் பெரியப்பா 1970-களின் பிற்பகுதியில் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். குடும்ப வரலாற்றை எழுதி வருகிறேன். அந்தத் தீர்ப்புகளைப் படிக்க வழி உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கீழமை நீதிமன்றத்தின் கட்டு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீதிமன்றங்களில் ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் இத்தனை ஆண்டு பாதுகாப்பு என்று விதி உண்டு; காலம் கடந்தவை பட்டியலிடப்பட்டு, அனுமதி பெற்று, அழிக்கப்படுகின்றன. அந்த வேலையில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். சாட்சிகளின் கைநாட்டுகளும், சம்பவ இடத்துக் கைவரைபடங்களும் அரிப்புத்தூளோடு மூட்டையாகப் போவதைப் பார்க்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் கட்டு போனாலும் பதிவேடு போயிருக்க வேண்டும் என்பதில்லை. அமர்வு நீதிமன்றத்தின் ஆவணக் காப்பறையில் அந்த ஆண்டின் எஸ்.சி. பதிவேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். எதிரியின் பெயர், பிரிவு, முடிவு, மேல்முறையீட்டு எண் ஆகியவை ஒரே வரியில் அதில் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் நம்பிக்கை தருவது உயர் நீதிமன்றம்தான். மேல்முறையீட்டு எண்ணும் ஆண்டும் கிடைத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்றாம் நபராக நகல் மனுச் செய்யலாம். காரணத்தில் குடும்ப உறவையும் குடும்ப வரலாற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மதுரைக் கிளை 2004-இல்தான் தொடங்கியது என்பதால், தஞ்சாவூர் வழக்காயினும் அந்தக் காலத்து மேல்முறையீட்டைச் சென்னையில்தான் தேட வேண்டும். அதற்கும் முன்பாக, உயர் நீதிமன்றத் தீர்ப்பு அந்நாளைய சட்ட இதழ்களில் ஏதேனும் ஒன்றில் அச்சாகியிருக்கிறதா என்று, பழைய தொகுதிகளை வைத்திருக்கும் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். நீதிபதிகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முதல் சில பத்திகளில் கீழமை நீதிமன்றத்தில் யார் யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்பதைச் சுருக்கி எழுதுவது வழக்கம். உங்கள் பெரியப்பாவின் கதை அங்கே கிடைக்கலாம்.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் உயர் நீதிமன்றத்தால் முழுமையாக விடுதலை செய்யப்பட்டேன். ஆனால் என் பெயரை இணையத்தில் தேடினால் அந்தத் தீர்ப்புதான் முதலில் வருகிறது. என் பெயரை நீக்க வழி இருக்கிறதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இதுவரை வந்த கடிதங்களுக்கு நேர் எதிரான கடிதம் உங்களுடையது, மற்றவர்கள் பதிவைத் தேடுகிறார்கள், உங்களைப் பதிவு தேடி வருகிறது. இக்கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. விடுதலையான ஒருவர் தம் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கோரியபோது, அதற்கான சட்டம் இல்லை என்று 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, பெயர் மறைக்கப்பட்ட வடிவையே வெளியிட வேண்டும் என்றது. தீர்ப்புகளை வெளியிடும் தளம் ஒன்று மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை நீக்கச் சொல்வதன் விளைவுகள் பெரியவை என்ற கவலை ஒரு பக்கம். குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் ஒரு மனிதர் வேலைக்கும் கல்யாணத்துக்கும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டுமா என்ற கேள்வி மறு பக்கம். தேடுபொறிக்குள் தீர்ப்புகள் வராத காலத்தில் இதே தீர்ப்பு எங்கள் அலமாரியில், நகல் மனுப் போடுபவர் மட்டுமே பார்க்கும்படி கிடந்தது. திறந்த நீதிமன்றம் என்ற கொள்கை அன்றும் இருந்தது, ஆனால் யாருக்கும் இத்தகைய காயம் ஏற்படவில்லை. என் சார்பு எந்தப் பக்கம் என்பது இதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரை வெளியிடுவதே குற்றம் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. விடுதலையான எதிரிக்கு அப்படியொரு பிரிவு இல்லை. உங்கள் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யத் தடையில்லை, ஆனால் உச்ச நீதிமன்றத்தின் இறுதி முடிவையொட்டியே அது தீரும். அதுவரை கையோடு வைத்திருக்க வேண்டியது விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். திரையிலிருந்து அச்செடுத்த தாள் போதாது. உண்மை நகல் என்ற குறிப்பும், அலுவலரின் பெயர், பதவி, கையொப்பம், தேதி, நீதிமன்ற முத்திரை ஆகியவையும் அடியில் உள்ள படிதான் எந்த அலுவலகத்திலும் செல்லும். ஒரே மனுவில் இரண்டு படிகள் கேட்டு, ஒன்றை வீட்டில் வையுங்கள்.